ரூட் (முழு அதிகாரம் உள்ள அட்மின்) பாஸ்வேர்டு தராமல் யூசரே ரீபூட் செய்ய வழி உண்டா?

லேப்பொறுப்பு:
லேபில் எல்லாரும் மாறி மாறி உட்காரும் லினக்ஸ் வொர்க்ஸ்டேஷன்கள், கூடவே ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறு ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும் ஒரு மெஷின். லினக்ஸில் திரை உறைந்துபோனால் பக்கத்து மெஷினிலிருந்து எஸ்எஸ்எச்சில் (நெட்வொர்க் வழி லாகின்) நுழைந்து ரீபூட் அடிக்கிறார்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடித்துவிடுகிறார்கள்! நேரில் உட்கார்ந்து மெனுவில் ரீஸ்டார்ட் கொடுத்தால் எதுவும் கேட்பதில்லை. ஏன் இப்படி? ரீபூட் கமாண்டை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் எழுதி, அதற்கு செட்யுஐடி (யார் ஓட்டினாலும் ஃபைலின் ஓனர் உரிமையில் ஓடவைப்பது) போட்டால் போதுமா?

கருந்திரை:
போதாது. ஸ்கிரிப்டில் செட்யுஐடி இருந்தாலும் லினக்ஸ் கர்னல் கண்டுகொள்ளாது. ஷட்டவுன் பைனரிக்கே போடலாம் என்றும் இறங்கிவிடாதீர்கள். சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டி உள்ள மெஷினில், அது சிஸ்டம்டியைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கமாண்டுக்கு ஒரு லிங்க்தான். சர்வீஸ்கள் அத்தனையும் எல்லார் கைக்கும் போய்விடும்.

மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் செஷனை, லாகின்களைக் கவனிக்கும் லாகின்டி லோக்கல் ‘ஆக்டிவ்’ செஷன் என்று எடுத்துக்கொள்ளும், யாருக்கு எது அனுமதி என்று முடிவு செய்யும் போல்கிட்டும் கேள்வி கேட்காமல் விட்டுவிடும். எஸ்எஸ்எச் செஷனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கு, குறிப்பிட்ட கமாண்டை மட்டும் ரூட் உரிமையில் ஓட்ட அனுமதிக்கும் சுடோதான் சரி. லேப் குரூப்புக்கு ஷட்டவுனின் முழு பாத்தையும் ‘-ஆர் +5’ (ஐந்து நிமிடம் கழித்து ரீபூட்) என்ற ஆர்கியுமென்டையும் சேர்த்து, பாஸ்வேர்டு கேட்காத டேகோடு ஒரு வரி எழுதுங்கள். ஆர்கியுமென்டை விட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் கொடுத்து ஓட்டலாம். சுடோ விதிகளை எழுதும் எடிட்டரான விசுடோவில் எழுதினால் சின்டாக்ஸை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பழையமுனையம்:
ஃப்ரீபிஎஸ்டியில் ஷட்டவுன் ஏற்கெனவே செட்யுஐடி ரூட்தான். ஆபரேட்டர் குரூப்பில் இருப்பவர்கள் நேரடியாக ஓட்டலாம். ஆனால் அந்தக் குரூப்புக்கு டிஸ்க் டிவைஸ்களைப் படிக்கும் உரிமையும் உண்டு. அடுத்தவர் ஃபைலில் இருப்பதையும் தோண்டி எடுத்துவிடலாம். பொது மெஷின் என்பதால் நான் அங்கேயும் சுடோதான் போடுவேன்.

லேப்பொறுப்பு:
சுடோ விதிகள் இருக்கும் சுடோயர்ஸ்.டி டைரக்டரியில் ‘லேப்.கான்ஃப்’ என்று ஒரு ஃபைல் போட்டேன். இன்னும் பாஸ்வேர்டு கேட்கிறதே?

கருந்திரை:
பெயரில் உள்ள புள்ளிதான் காரணம். அந்த டைரக்டரியில் புள்ளி உள்ள பெயர்களை சுடோ படிக்காது, எரரும் காட்டாது. வெறும் ‘லேப்’ என்று மாற்றிவிட்டு, லேப் குரூப்பில் உள்ள ஒருவரை ‘சுடோ -எல்’ (அவருக்கு அனுமதி உள்ள கமாண்டுகளைக் காட்டும்) அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

லேப்பொறுப்பு:
வந்துவிட்டது, நன்றி! ‘நவ்’ என்று கொடுக்காமல் +5 எதற்கு?

பழையமுனையம்:
உள்ளே வேறு யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் அவர்கள் டெர்மினலுக்கு அறிவிப்பு போகும், சேமித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். லினக்ஸில் ‘-சி’ கொடுத்து ரத்து செய்யவும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு மெஷினில் தெரியாமல் அடித்துவிட்டவர், அந்த ஐந்து நிமிடத்துக்குள் உங்களைத் தேடி ஓடி வருவார்.