தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு நட்சத்திரம்: என்ன பதக்கம் இது?

பட்டாளத்தார் பேரன்:
வணக்கம். எங்களுக்கு வட ஆற்காடு பக்கம். தாத்தா 1998ல் தவறினார், அப்போது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் பரணை ஒழிக்கும்போது அவருடைய டிரங்குப் பெட்டி இறங்கியது. உள்ளே ஒரு கம்பளி, பூச்சி அரித்த டிஸ்சார்ஜ் புத்தகம், சுண்ணாம்பு டப்பாவுக்குள் ஒரு பதக்கம். ஆறு முனை நட்சத்திரம், நடுவில் கிரீடம். ரிப்பனில் நடுவே சிவப்புப் பட்டை, இரண்டு பக்கமும் கருநீலம், நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு. புத்தகத்தில் ‘சாப்பர்’ என்ற சொல்லும், நம்பரில் கடைசி நாலு இலக்கமும்தான் மிச்சம்.

சண்டையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். “பர்மாவுல எல்லாரும் மஞ்சளா இருந்தோம்” என்பார், அதோடு சரி.

ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. கனமான எதைத் தூக்கினாலும் ஆறு பேர் வேண்டும். பீரோ, ஆட்டுக்கல், ஒருமுறை பக்கத்து வீட்டு ஸ்கூட்டர்கூட. ஐந்து பேர் இருந்தால் தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டு வருவார். இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு என்று நிறுத்தி, “எவனும் தனியா தூக்காத, தனியா விடாத” என்று சொல்லிவிட்டுத்தான் எண்ண ஆரம்பிப்பார். கிருத்திகை தவறாதவர் என்பதால் இது ஆறுமுகன் கணக்கு என்பது அத்தையின் கட்சி. “என்னையும் ஆறு பேரா தூக்குங்கடா” என்று சொல்லி ஆயாவிடம் அடிக்கடி திட்டு வாங்குவார்.

இது என்ன பதக்கம்? அவர் எங்கே இருந்தார் என்று யாரிடம் கேட்பது?

பழைய சாப்பர்:
தம்பி, அது பர்மா ஸ்டார். 1941 டிசம்பரிலிருந்து 1945 செப்டம்பர் வரை பர்மா போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது. தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

உங்கள் அத்தை மன்னிக்கவும், அந்த ஆறு முருகன் கணக்கு இல்லை. பெய்லி பாலம் கணக்கு. சாப்பர் என்றால் பாலம், பாதை போடும் பட்டாளத்துக்காரர்; பெய்லி என்றால் துண்டு துண்டாகக் கொண்டுபோய் அங்கேயே கோத்துப் போடும் இரும்புப் பாலம். பத்தடி நீள இரும்புச் சட்டம், ஒன்று 570 பவுண்டு, கிட்டத்தட்ட 258 கிலோ. கிரேன் கிடையாது. தூக்குகம்பு செருகி ஆறு பேர் சுமந்து வரவேண்டும், இரும்புப் பின் அடித்து அடுத்ததோடு கோக்கவேண்டும். ஒருவன் முன்னால் விட்டுவிட்டால் எதிரே நிற்பவன் கால் போச்சு. உங்கள் தாத்தா சொன்னதையே ட்ரெயினிங்கில் எங்கள் ஹவில்தார் கெட்ட வார்த்தை சேர்த்துச் சொல்வார்.

1944 டிசம்பரில் காலேவாவில் சின்ட்வின் ஆற்றின் மேல் 1,154 அடிக்கு மிதவைகள் மேல் பெய்லி போட்டார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான பெய்லி அதுதான். தாத்தா அங்கே இருந்தாரா என்பது கம்பெனி நம்பர் தெரிந்தால்தான் சொல்லலாம். சாப்பர் என்றால் நம் ஊர் ஆட்கள் பெரும்பாலும் மெட்ராஸ் சாப்பர்ஸ்தான். பெங்களூர் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதுங்கள். அவர் பெயர், அவருடைய அப்பா பெயர், கிராமம், பழைய தாலுகா, அந்த நாலு இலக்கம், எல்லாம் போடுங்கள். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஒரு நடை போய்க் கேட்டுப் பாருங்கள்.

(‘தம்பி’ என்றது வயசு பார்த்து இல்லை. வடக்கத்தி ரெஜிமெண்ட்காரர்கள்கூட எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.)

கம்பவுண்டர் மகள்:
மஞ்சள் விஷயம்: மெபாக்ரின் மாத்திரை. ஜாவா ஜப்பான் கைக்குப் போனதும் கொய்னா வரத்து நின்றுவிட்டது, மலேரியாவுக்கு இதைத்தான் தினமும் விழுங்க வைத்தார்கள். தொடர்ந்து சாப்பிட்டால் தோலே மஞ்சளாகிவிடும்.

ஈப்போ:
என் தாத்தா மலாயா ரப்பர் தோட்டத்திலிருந்து நேதாஜி படைக்குப் போனவர். அதே பர்மா, எதிர்ப்பக்கம். அவரும் பேசமாட்டார். கடிதத்துக்குப் பதில் வந்தால் இங்கே போடுங்கள்.

பட்டாளத்தார் பேரன்:
எல்லோருக்கும் நன்றி. பழைய சாப்பர் ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு போனில் படித்துக் காட்டினேன். இரும்புச் சட்டம் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் டிவி சத்தம் மட்டும்தான் கேட்டது.

“அன்னைக்கு நாலு பேருதான்டா தூக்குனோம்” என்றார்.

கடிதம் எழுதிவிட்டேன். அப்பா கையெழுத்துதான். திங்கட்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் போகிறது.