இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் போர்டுகள்: 12 வோல்ட் சப்ளையும் ரிலேயும் எடுக்க முடியுமா?

மாடித்தோட்டம்75:
வணக்கம் நண்பர்களே. காயலான் கடையில் எடைக்கு வாங்கிய மூன்று போர்டுகள் இருக்கின்றன.

முதலாவது இண்டக்‌ஷன் அடுப்பின் பவர் போர்டு. கண்ணாடி ஃபியூஸ் கறுப்பாக வெடித்திருக்கிறது. 8 கால் ஐசி மேல் வைப்பர்12ஏ என்றும், விசிறி சாக்கெட் பக்கத்தில் 18 வோல்ட் என்றும் இருக்கிறது. இரண்டாவது ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் போர்டு, முழுக்கப் பசைக்குள் மூழ்கியது. மூன்றாவது மைக்ரோவேவின் கண்ட்ரோல் போர்டு: சின்ன இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், மூன்று ரிலே (காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் இயங்கும் சுவிட்ச்). ரிலே மேல் எழுத்து அழிந்துவிட்டது.

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மின்சாரம் கொடுத்தால் திறக்கும் ஒரு சோலனாய்டு வால்வை (12 வோல்ட், 400 மில்லி ஆம்பியர்) ஈஎஸ்பி32 என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டு வைத்து இயக்க வேண்டும். இண்டக்‌ஷன் போர்டில் ஃபியூஸ் மாற்றி, 18 வோல்ட்டை 12 ஆகக் குறைத்து, அதிலேயே இருக்கும் 5 வோல்ட்டை ஈஎஸ்பி32க்குக் கொடுத்து, லேப்டாப்பில் யூஎஸ்பி மாட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சரியா?

ஈயக்கம்பி:
மாட்டாதீர்கள். அந்த 5 வோல்ட்டின் கிரவுண்டு, மெயினோடு நேராகச் சேர்ந்தது.

இண்டக்‌ஷன் அடுப்பில் ஐஜிபிடியின் (பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் பவர் டிரான்சிஸ்டர்) எமிட்டர், அதை இயக்கும் கேட் டிரைவர், வோல்ட்டை ஒப்பிடும் எல்எம்339 ஐசி, பிராசசர் எல்லாவற்றுக்கும் ஒரே கிரவுண்டு: ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையரின் மைனஸ். ஆள் தொடுவது கண்ணாடியையும் பிளாஸ்டிக்கையும் மட்டும்தான் என்பதால் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஒரு அரைச் சுற்றில் அந்தக் கிரவுண்டு நியூட்ரலோடு ஒட்டியிருக்கும். அடுத்த அரைச் சுற்றில் பேஸோடு சேர்ந்து 325 வோல்ட் வரை போய்வரும். மூன்று பின் அடாப்டரில் இருக்கும் லேப்டாப்பின் யூஎஸ்பி கிரவுண்டு பெரும்பாலும் எர்த்தோடு சேர்ந்திருக்கும். இரண்டையும் இணைத்தால் பிரிட்ஜ் டயோடு வழியாக பேஸும் எர்த்தும் ஷார்ட். லேப்டாப் போர்ட் போகும், உங்கள் கை அதில் இருந்தால் இன்னும் மோசம்.

எந்தப் போர்டு கையில் வந்தாலும் முதலில் இதைப் பாருங்கள். மின்சாரம் இல்லாமல், 400 வோல்ட் கெப்பாசிட்டரின் இரு காலிலும் 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை ஐந்து விநாடி வைத்து, வோல்ட் பூஜ்யமானதை மீட்டரில் உறுதி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்ய வேண்டாம். பிறகு மீட்டரை 20 மெகா ஓமில் வைத்து, அந்தக் கெப்பாசிட்டரின் மைனஸுக்கும் 5 அல்லது 12 வோல்ட் பக்கத்து மைனஸுக்கும் நடுவே அளங்கள். சில ஓம் காட்டினால் அது மெயினிலிருந்து பிரிக்கப்படாத சப்ளை. 5 அல்லது 12 வோல்ட் பக்கத்து மைனஸிலிருந்து பேஸ், நியூட்ரல் இரண்டு முனைக்கும் அளந்து எங்கும் எதுவும் காட்டாவிட்டால், கண்ணாலும் சரிபாருங்கள்: டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் தாமிரமே இல்லாத அகலமான கோடு, அதன் குறுக்கே பிசி817 மாதிரி நான்கு கால் ஆப்டோ (ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் ஐசி), நீல நிற ஒய் கெப்பாசிட்டர் (மெயின் பக்கத்துக்கும் வெளியீட்டுப் பக்கத்துக்கும் நடுவே போடும் பாதுகாப்பு வகை). இந்தக் கோட்டைத் தாண்டி வேறு எதுவும் போகக்கூடாது.

ஐசி பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. வைப்பர்12ஏ இரண்டு விதத்திலும் வருகிறது. ஆனால் எல்என்கே304 என்ற பவர் ஐசி இருந்து, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு சோக் மட்டும் நின்றால், அது நிச்சயம் பிரிக்கப்படாதது.

ஃபியூஸ் கறுப்பாக வெடித்தது என்றால் பெரும்பாலும் ஐஜிபிடியும் பிரிட்ஜும் ஷார்ட். புது ஃபியூஸும் அதே வேகத்தில் போகும். அந்தப் போர்டில் எடுக்க வேண்டியவை விசிறியும் அலுமினிய ஹீட் சிங்கும்தான்.

ரிலே_ராகம்:
வாஷிங் மெஷின் போர்டைப் பற்றி. பல மாடல்களில் 5 வோல்ட்டின் பிளஸ்ஸையே மெயினின் ஒரு கம்பியோடு கட்டியிருப்பார்கள். டிரையாக்கின் (ஏசி மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் பாகம்) கேட்டிலிருந்து பிராசசர் கரண்டை உள்ளே இழுப்பதற்காக அப்படி. எனவே சப்ளை வேண்டாம். பிராசசரையும் மறந்துவிடுங்கள், உள்ளே எழுதிய நிரலைப் பெரும்பாலும் பூட்டியிருப்பார்கள்.

பசை மெத்தென்ற சிலிக்கான் என்றால் பிளாஸ்டிக் கரண்டியால் உரித்துவிடலாம். கடினமான பாலியூரித்தேன் என்றால் விட்டுவிடுங்கள். சால்டரிங் அயர்ன் பட்டால் வரும் புகையில் ஐசோசயனேட் இருக்கும், நுரையீரலுக்குக் கெடுதல். நான்கு டிரையாக்குக்காக அது தகாது.

டிரையாக்கை எடுத்தால், அதன் மேல் இருக்கும் பிடிஏ, பிடிபி எழுத்து வித்தியாசத்தைக் கவனியுங்கள். பிடிஏ16 என்றால் உலோக முதுகு உள்ளே காப்பிடப்பட்டது. பிடிபி16 என்றால் முதுகே ஏ2 முனை, ஹீட் சிங்க்கில் மெயின் ஏறி நிற்கும். சோதிக்க மீட்டர் போதாது. 12 வோல்ட் பேட்டரி, 21 வாட் கார் பல்பைத் தொடரில் போட்டு, கேட்டுக்கு 150 ஓம் வழியாக ஒரு தொடுதல். பல்பு எரிந்து, கேட்டை எடுத்த பிறகும் எரிய வேண்டும். தொடுமுன்பே எரிந்தால் டிரையாக் ஷார்ட்.

ஈயமில்லா சால்டர் சுமார் 217 டிகிரியில்தான் உருகும். ஒவ்வொரு காலிலும் பழைய 63/37 ஈய சால்டரைக் கொஞ்சம் சேர்த்து உருக்கிவிட்டு உறிஞ்சினால் பேட் பிய்ந்து வராது.

மாடித்தோட்டம்75:
நன்றி. அளந்தேன். இண்டக்‌ஷன் போர்டில் 0.3 ஓம். தப்பித்தேன். மைக்ரோவேவ் ரிலே காயில்கள் 398, 402, பெரியது 155 ஓம். அந்த டிரான்ஸ்ஃபார்மர் வால்வுக்குப் போதுமா?

ஈயக்கம்பி:
போதாது. கண்ட்ரோல் போர்டு டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் 2, 3 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறன் கொண்டதுதான். வால்வுக்கு மட்டும் 4.8 வாட் வேண்டும். பழைய செட்டாப் பாக்ஸ் அல்லது ரூட்டரின் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டரைத் தேடுங்கள். அதன் கூட்டை உடைக்காமலே பயன்படுத்தலாம். 12 ஓம் 20 வாட் ரெசிஸ்டரை அரை மணி நேரம் மாட்டி வோல்ட்டைப் பாருங்கள் (ரெசிஸ்டர் நன்றாகச் சுடும், கீழே ஓடு வையுங்கள்). கார் பல்பு வைத்துச் சோதிக்காதீர்கள். குளிர்ந்த இழையின் ஓம் மிகக் குறைவு என்பதால் நல்ல அடாப்டரே விட்டுவிட்டுத் துடிக்கும், கெட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள். ரெசிஸ்டரிலும் துடித்தால் பெரும்பாலும் வெளியீட்டுப் பக்கக் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும். 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் ஓம் குறைந்த) வகையாக மாற்றுங்கள்.

ரிலே_ராகம்:
சர்க்கரைக்கட்டி அளவு நீல ரிலேக்களின் காயில் சுமார் 0.36 வாட். 5 வோல்ட்டுக்கு 70 ஓம், 12க்கு 400, 24க்கு 1600. உங்கள் இரண்டும் 12 வோல்ட். பெரிய உடம்பு ரிலே 0.9 வாட் வகை, 155 ஓம் என்றால் அதுவும் 12தான். உறுதி செய்ய வோல்ட்டை மெல்ல ஏற்றுங்கள்: 12 வோல்ட் ரிலே 9 வோல்ட்டுக்குள் 'டக்' என்று இழுக்க வேண்டும்.

பெரியது ஒருவேளை ஹை வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டு அணைத்த ரிலே. தொடுமுனை பொரிந்திருக்க வாய்ப்பு அதிகம். 2 ஆம்பியர் ஓடவிட்டு முனைகளுக்கிடையே அளங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால் வேண்டாம்.

ஆனால் 12 வோல்ட் டிசி வால்வுக்கு ரிலேயே தேவையில்லை. வாஷிங் மெஷின் போர்டில் யூஎல்என்2003 (ஏழு சுவிட்ச் சேனல் கொண்ட டிரைவர் ஐசி) இருந்தால் எடுத்து, இரண்டு சேனலை இணையாகக் கட்டுங்கள், ஈஎஸ்பி32இன் 3.3 வோல்ட்டில் ஒரே சேனல் 400 மில்லி ஆம்பியரைத் தாங்கும் என்று நம்ப முடியாது. 8ஆம் கால் கிரவுண்டு, 9ஆம் கால் 12 வோல்ட் பிளஸ். 9ஐ விட்டுவிட்டால் வால்வு அணையும்போது அதன் காயிலில் எழும் வோல்ட் உதை சேனலைக் கொன்றுவிடும். ஒரு வோல்ட் சொச்சம் ஐசியில் விழும், வால்வுக்கு 11 கிடைக்கும். தண்ணீர் அழுத்தம் அதிகமாக இருக்கும்போதும் அது திறக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.