இன்ஜிங்கா ராணி பற்றிய சிறுவர் நாவல்: அடிமை வியாபாரத்தை எப்படிச் சொல்வது?

மைக்கூடு:
பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். 17ஆம் நூற்றாண்டில், இன்றைய அங்கோலாவில், போர்த்துக்கீசியரோடு மோதிய இன்ஜிங்காதான் தலைவி. முதல் அத்தியாயம் தடையில்லாமல் வந்துவிட்டது. 1622 வாக்கில் அரசனான தன் சகோதரனின் தூதராக, போர்த்துக்கீசியர் கையிலிருந்த லுவாண்டா நகருக்குப் போகிறாள், அங்கே அவர்களுடைய ஆளுநர் தான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இவளுக்குத் தரையைக் காட்டுகிறார், உடனே பணிப்பெண் ஒருத்தி மண்டியிட்டுக் குனிய, அவள் முதுகில் உட்கார்ந்து சரிக்குச் சமமாகப் பேசுகிறாள். மகளுக்குப் படித்துக் காட்டினேன். கைதட்டுவாள் என்று பார்த்தால், "அந்த அக்காவுக்கு முதுகு வலிக்காதா?" என்று கேட்டாள். அன்றோடு எழுத்து நின்றுவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், இன்ஜிங்காவும் போர்க்கைதிகளை அடிமைகளாக விற்றவள். இதைச் சொல்லலாமா, விட்டுவிடலாமா?

ஆற்றுமணல்:
விடாதீர்கள். பதினைந்து வயதில் இணையத்தில் தேடினால் தெரிந்துவிடும், அப்போது உங்களைத்தான் திட்டுவார்கள். துப்பாக்கி, கூட்டணி, சமாதானம் எல்லாவற்றிலும் அன்று அடிமை வியாபாரம் பின்னிக் கிடந்தது. 1641இல் டச்சுக்காரர் லுவாண்டாவைப் பிடித்ததும் இவள் அவர்களோடு சேர்ந்துகொண்டாளே, அவர்களும் அடிமைகளை வாங்க வந்தவர்கள்தான். 1656 உடன்படிக்கையின்போது போர்த்துக்கீசியர் பிடித்துவைத்திருந்த தங்கையை மீட்க இவள் கொடுத்ததும் அடிமைகளையே, நூற்றுக்கும் மேல். ஒரு தங்கைக்கு அத்தனை பேர். நாவலின் உச்சக்காட்சியே இதுதான் என்பேன்.

இன்னொன்று, முதுகில் உட்கார்ந்த கதையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கவாட்சி என்ற இத்தாலியப் பாதிரியார். அவர் அங்கோலாவுக்கு வந்ததே 1654இல், அதாவது முப்பது வருடம் கழித்து. அதே ஆள் இவளைப் பற்றி எழுதிய நரபலிக் கதைகளை நம்பாமல் இதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்வது சரியில்லை.

கொடுக்காப்புளி:
நல்ல கேள்வியைக் கேட்டிருக்கிறாள் உங்கள் பெண், அதை விட்டுவிட்டு எங்கே தேடுகிறீர்கள்! கதையை அந்தப் பணிப்பெண்ணே சொல்லட்டும். குவான்சா ஆற்றுத் தீவுகளில் ஒளிந்தது, பிறகு மடாம்பா என்ற பக்கத்து அரசைப் பிடித்தது, எண்பது வயதுவரை இன்ஜிங்கா விட்டுக்கொடுக்காமல் ஆண்டது, எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவளாக வைத்துக்கொள்ளுங்கள். ராணியை மெச்சவும் செய்வாள், இரவில் யாரை விற்கப்போகிறார்கள் என்று பயப்படவும் செய்வாள். போரில் துணைக்கு வந்த இம்பாங்கலா கூட்டத்தின் கொடுமையை மட்டும் ஒரு வரியில் தாண்டிவிடுங்கள், பத்து வயதுக்கு அது போதும்.

ராணியின் பெயரை 'ன்ஜிங்கா' என்று எழுதாமல் முன்னால் 'இ' சேர்த்து எழுதியது நல்லது. மெய்யெழுத்தில் தொடங்கும் பெயரைப் பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்க முடியாது.

மைக்கூடு:
முதல் அத்தியாயத்தைக் கிழித்தாயிற்று. ஆற்றுமணல், கவாட்சியைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறேன்: கிழவியான பணிப்பெண்ணிடம் "அன்று நடந்ததைச் சொல்" என்கிறார், அவள் ஒன்று சொல்ல அவர் வேறொன்றை எழுதிக்கொள்கிறார். இனி அவளுக்கு ஒரு பெயர் வேண்டும், இன்ஜிங்காவின் மக்கள் பேசிய கிம்புந்து மொழிப் பெயர்கள் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மகள் 'செல்வி' என்று வைக்கச் சொல்கிறாள்.