கோடையில் அணையில் பாஸ் மீன் எங்கே போய் ஒளிகிறது?

கரைத்தூண்டில்:
முட்டையிடும் பருவத்தில் கரையோரப் புல்லிலேயே மாட்டிக்கொண்டிருந்த பாஸ், வெயில் ஏறியதும் இருந்த சுவடே தெரியவில்லை. அதே இடம், அதே ரப்பர் புழு. காலை ஒன்பது மணிக்குப் போய் மத்தியானம் வரை வீசினாலும் ஒரு கடி இல்லை. பெரும்பாலும் கரையில் நின்றுதான் போடுகிறேன், எப்போதாவது நண்பரின் படகு கிடைக்கும், அதில் ஃபிஷ் ஃபைண்டர் (ஒலி அலையால் ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் கருவி) உண்டு. கோடையில் மீன் ஆழத்துக்குப் போய்விடும் என்கிறார்களே, அப்படியானால் இருப்பதிலேயே ஆழமான இடமாகப் பார்த்துப் போட வேண்டுமா?

அடிமண்:
அங்கே போட்டால் சேறுதான் வரும். கோடையில் தேங்கிய நீர் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான லேசான நீர், அடியில் குளிர்ந்த கனமான நீர், நடுவில் சில அடிக்குள் சட்டென்று சூடு இறங்குகிற ஒரு அடுக்கு, அதைத்தான் தெர்மோக்ளைன் என்கிறோம். மேல்நீரும் அடிநீரும் கலக்காததால் கீழே புதிதாக ஆக்சிஜன் போகாது, இருப்பதையும் அங்கே அழுகுகிற இலைதழை தின்றுவிடும். அதனால் பாஸ் பெரும்பாலும் அந்த அடுக்குக்கு மேலேயே நிற்கும். ஃபிஷ் ஃபைண்டரில் சென்சிடிவிட்டியைக் கூட்டிப் பாருங்கள், குறுக்கே மங்கலான பட்டை தெரியும். பட்டை 20 அடியில் இருந்தால் 40 அடியில் தேடுவது வீண்.

அப்புறம், அந்த ஆழத்துக்குச் சற்று மேலே தரை வந்து முட்டுகிற இடத்தைப் பிடிக்க வேண்டும்: நீருக்குள் நீண்டு இறங்கும் முனை, மூழ்கிய மேடு, பழைய ஆற்றுப்படுகையின் விளிம்பு. அணை கட்டுவதற்கு முந்தைய வரைபடம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பொடி மீன் கூட்டம் இல்லாத மேடு என்றால், எவ்வளவு அழகான மேடாக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

விடியல்வீச்சு:
படகு வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் சரி. அவர் கரையில் நிற்கிறவர், ஒன்பது மணிக்குப் போனால் எப்படி? இருட்டு விலகும் முன்பே போய் நில்லுங்கள். அந்த நேரத்தில் பொடி மீனைத் துரத்திக்கொண்டு பாஸ் கரைக்கு வரும், பாப்பர் மாதிரி மேலே மிதக்கிற இரை போதும். மீன் பாய்ந்து தண்ணீர் வெடித்ததும் ராடை (தூண்டில் கம்பை) சுண்டிவிடாதீர்கள், கனம் கைக்குத் தெரிந்தபிறகு இழுங்கள். வெயில் ஏறினால் நிழலைத் தேடுங்கள், பாலத்தூண், படகுத்துறை, சாய்ந்த மரம். ஓடை வந்து கலக்கிற இடமும் நல்லது. எல்லா பாஸும் ஆழத்துக்குப் போவதில்லை, அடர்ந்த பாசிக்கு அடியில் மூன்றடித் தண்ணீரிலும் பெரிய மீன் கிடக்கும்.

கரைத்தூண்டில்:
சரி, நேரத்தை மாற்றிப் பார்க்கிறேன். இன்னொன்று: ரப்பர் புழுவில் கடி எது, கல் தட்டுவது எது என்றே எனக்குப் பிரியவில்லை.

அடிமண்:
டெக்சஸ் ரிக் கட்டுங்கள். தோட்டா வடிவ ஈயம், அதற்குப் பின்னால் முள், முள்ளின் நுனி புழுவின் உடம்புக்குள்ளேயே மறைந்திருக்க வேண்டும், அப்போதுதான் கிளையில் மாட்டாது. வீசியபிறகு ராடைவிட நரம்பை (தூண்டில் நூலை) கவனியுங்கள். புழு இறங்கும்போதே நரம்பு துள்ளினாலோ, தரையைத் தொடவேண்டிய நேரத்துக்கு முன்பே தளர்ந்தாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ மீன் வாயில் இருக்கிறது. தரையைத் தொட்டதும் ராடு நுனியை மெல்லத் தூக்கி, நரம்பு தளராமல் மறுபடி இறங்க விடுங்கள், ரீலைச் சுற்றி இழுக்காதீர்கள். கல் என்றால் வறட்டுத் தட்டு ஒன்று, அதோடு சரி. மீன் என்றால் டப்பென்று தட்டிவிட்டு, பஞ்சு மாதிரி ஒரு இழுவை தொடரும்.

மின் உற்பத்திக்குத் தண்ணீர் திறக்கும் நேரம் தெரிந்தால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் தொடங்கியதும் பொடி மீன் தள்ளப்பட்டு வரும், மந்தமாகக் கிடந்த பாஸ் முனைகளில் ஓட்டத்தை எதிர்த்து வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் நடுப்பகல்கூடப் பரவாயில்லை.

மெல்லியநரம்பு:
பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுகிற மீனாக இருந்தால் மெல்லிய நரம்பு வேண்டாம். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, நீண்ட நேரம் போராடவிட்டால் நீந்திப் போனபிறகும் செத்துவிடும். கையை நனைத்துப் பிடித்து, தண்ணீருக்கு அருகிலேயே முள்ளைக் கழற்றுங்கள். ஆழத்திலிருந்து வந்த மீனுக்குக் காற்றுப்பை உப்பியிருக்கும், படம் எடுக்கிறேன் என்று தாமதித்தால் அதனால் திரும்ப இறங்க முடியாது.