தூக்கத்தைப் பற்றி ஒரு சந்தேகம், கதைக்காக

எதிர்காலத்தில் நடக்கும் நாவல் ஒன்று எழுதுகிறேன். அரசு பதின்ம வயதுப் பிள்ளைகளை ஒரு கூடத்தில் அடைத்துவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்த வேண்டும், தவறினால் மரணம். கடைசியாக மிஞ்சுபவர் வீடு போகலாம்.

1964இல் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர் 264 மணி நேரம் விழித்திருந்தார். அதனால் போட்டி ஐந்தாறு நாள் இழுத்தாலும் நம்பலாம். எனக்குச் சிக்கல் மூன்றாம் இரவில்தான். கட்டைவிரல் பொத்தான் மேலேயே இருக்கிறது, கண்ணும் திறந்திருக்கிறது, ஆனால் மூளை சில நொடி தூங்கிவிடுகிறது. அந்த நொடிகள் உள்ளிருந்து எப்படி இருக்கும்? விழித்ததும் தூங்கியது தெரியுமா? முதலில் வருவது கோபமா, பேச்சுக் குழறலா?

இரவுப் பணி பார்ப்பவர்கள், செவிலியர்கள், நெடுந்தூர ஓட்டக்காரர்கள் யாராவது சொல்லுங்களேன். ரத்தக்களரி யோசனைகள் வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது!