அக்கி ஆறிய பிறகும் சேலை பட்டால் எரிவது ஏன்?

உசிலம்பட்டிக்காரன்:
அம்மாவுக்கு 68 வயது. தை மாதம் இடது விலாவில் அக்கி வந்தது. கொப்புளமெல்லாம் காய்ந்து உதிர்ந்து, இப்போது லேசான தழும்புதான். ஆனால் சேலைத் தலைப்பு உரசினால், ஃபேன் காற்று பட்டால்கூடத் துடிக்கிறார். டாக்டர் கேபாபென்டின் எழுதியிருக்கிறார். புண்ணே இல்லாத இடத்தில் ஏன் இந்த வலி? கேபா நரம்பை அடக்கும் பொருள் என்று படித்தேன், இந்த மாத்திரை அதுதானா? சொந்தக்காரர் ஒருவர் "எல்லாம் மனசு" என்கிறார்.

பிசியாலஜி வாத்தியார்:
மனசு என்றவரை முதலில் ஒதுக்குங்கள். வலிக்கக் கூடாத லேசான தொடுகையே வலியாவதற்கு அலோடினியா என்று பெயர். அம்மா சொல்வது பாடப்புத்தகத்தில் உள்ளபடியே இருக்கிறது.

தொடு உணர்வும் வலியும் வேறு வேறு நரம்பிழைகளில் வந்தாலும், தண்டுவடத்தின் பின்பக்கப் பகுதியான பின்கொம்பில் பக்கம் பக்கமாகத்தான் வந்து சேர்கின்றன. தொடு உணர்வு வலிப் பாதைக்குள் புகுந்துவிடாமல் அங்கே சின்ன நரம்பணுக்கள் மறிக்கின்றன. அவை விடும் ரசாயனங்கள்தான் கிளைசினும் கேபாவும். இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்தால் வலி குறைகிறதே, அதுவும் இந்த இடத்து வேலைதான். 1965-ல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கேட் கன்ட்ரோல் (வாசல் கட்டுப்பாடு) என்று சொன்னது இதை. (அவர்கள் போட்ட படம் பிறகு நிறையத் திருத்தப்பட்டது, அடிப்படை நின்றது.)

மறிப்பு போனால்? எட்டிக் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் கிளைசினை வேலைசெய்ய விடாது. அதை எலியின் தண்டுவடத்தில் கொஞ்சம் செலுத்தினால், ரோமத்தை லேசாக வருடினாலே துள்ளிக் கத்தும். தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. வகுப்பில் இதைச் சொல்லும்போதுதான் கடைசி பெஞ்ச் நிமிரும்.

நரம்பு சேதமானால் விஷம் இல்லாமலே கிட்டத்தட்ட இது நடக்கிறது. கேபா வந்து சேர்ந்ததும் குளோரைடு நரம்பணுவுக்குள் நுழையும், அணு அடங்கும். அதற்கு உள்ளே குளோரைடு குறைவாக இருக்க வேண்டும். கேசிசி2 என்ற புரதம் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். நரம்பு காயப்பட்ட எலிகளில் இந்தப் புரதம் குறைந்துபோவதை 2003-ல் கனடாவில் காட்டினார்கள். அப்புறம் கேபா வந்தாலும் அணு சரியாக அடங்காது, சில சமயம் உசுப்பியும் விடும். அம்மாவுக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன், அக்கி வைரஸ் நரம்பு முடிச்சையே கெடுத்திருக்கும்.

மாத்திரை விஷயம்: அதன் பெயரில்தான் கேபா. நரம்பணுவில் கேபா வந்து ஒட்டும் இடமான ஏற்பியில் அது ஒட்டுவதில்லை. நரம்பணுவுக்குள் கால்சியம் நுழையும் வாயிலின் ஆல்பா-2-டெல்டா என்ற பகுதியில் ஒட்டி, தூண்டும் ரசாயனம் வெளியாவதைக் குறைக்கிறது. பிரேக்கைச் சரிசெய்யாது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறது.

மெடிக்கல் ஷாப் அண்ணாச்சி:
வாத்தியார் முக்கியமானதை விட்டுவிட்டார். ஆரம்பத்தில் தலைசுற்றும், தூக்கம் தள்ளும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்தால் யாராவது கூடப் போங்கள். கிட்னி கோளாறு இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், டோஸ் குறைப்பார். வலி விட்டதும் நீங்களாகப் பட்டென்று நிறுத்தாதீர்கள்.

உசிலம்பட்டிக்காரன்:
ரொம்ப நன்றி. கிட்னி பற்றி நாளைக்கே கேட்கிறேன். உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் மட்டும் பரவாயில்லை என்கிறாரே, அது எப்படி?

பிசியாலஜி வாத்தியார்:
உரசி நகரும் தொடுகைதான் இந்த வலியை அதிகம் கிளப்பும். ஒரே இடத்தில் நிற்கும் அழுத்தம் பலருக்கு அவ்வளவு கிளப்பாது. உடம்போடு ஒட்டிய பருத்தி பனியனை உள்ளே போட்டு, மேலே சேலை கட்டச் சொல்லிப் பாருங்கள்.