ரீஃபாக்டரிங்: 'மறுசீரமைப்பு' போதுமா?

> 'மறுசீரமைப்பு' கைவசம் இருக்க, ரீஃபாக்டரிங்குக்குப் புதுச்சொல் எதற்கு?

வணக்கம் அண்ணாச்சி,

என் ஆய்வே இதில்தான் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். நாகர்கோவிலில் இளநிலைக் கணிதம் படித்துவிட்டுக் கணினிப் பக்கம் வந்தவள் நான். பழைய ஜாவா மொழி நிரல்களை ஓட்டம் கெடாமல் திருத்துவது, அதாவது ரீஃபாக்டரிங் செய்வது, எப்படி என்பதுதான் முனைவர் பட்டத்துக்கு எடுத்த பொருள். ஆய்வுச் சுருக்கத்தைத் தமிழில் எழுதும்போது முதலில் 'மறுகாரணிப்படுத்தல்' என்று போட்டேன். கணக்குப் படித்த புத்தி, factor என்றால் காரணி. 12-ஐ 3×4 என்று எழுதினாலும் மதிப்பு 12தானே, கருத்து அப்படியே பொருந்தும். அம்மா வாசித்துவிட்டு, "என்ன காரணம்னு கடைசி வரை சொல்லலையே மக்ளே" என்றாள். அன்றோடு அந்தச் சொல் போயிற்று.

'மறுசீரமைப்பு' எனக்கு ஒட்டவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு அது 1956. அந்த நவம்பர் 1 அன்று மாநில மறுசீரமைப்பில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. எல்லையே மாறியது. ரீஃபாக்டரிங்கில் மாறக்கூடாதது அந்த எல்லைதான். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஓப்டைக் 1992இல் அளித்த ஆய்வேட்டிலேயே இந்த நிபந்தனை உண்டு: வெளியே தெரியும் நடத்தை அப்படியே இருக்க, உள்ளமைப்பு மட்டும் திருந்த வேண்டும். நீண்ட செயற்கூற்றை (function) இரண்டாக உடைக்கலாம், மாறிக்கு (variable) வேறு பெயர் வைக்கலாம். அதே உள்ளீட்டுக்கு அதே வெளியீடு வரவேண்டும்.

நம் ஓட்டு வீடுகளில் நடப்பதும் இதுதான். வைகாசிக் கடைசி மழைக்கு முன் ஓட்டைப் பிரித்து, கறையான் அரித்த கழுக்கோலை (ஓட்டைத் தாங்கும் மரச்சட்டம்) மாற்றி, அதே ஓட்டைத் திரும்ப அடுக்குவார்கள். தெருவில் போகிறவருக்கு அது பழைய வீடுதான். 'பிரித்து மேய்தல்' என்றே வைத்துவிட ஆசை. பழைய கூரையைப் பிரித்துத் திரும்ப வேய்வதற்கு ஓலைக்கூரைக்காரர்கள் சொல்லும் சொல். ஆனால் நெறியாளர் முன்னால் நின்று "நிரலைப் பிரித்து மேய்ந்தேன்" என்று சொல்லத் தைரியம் வரவில்லை. போதாததற்கு இணையத்தில் உலவுவதற்கு 'வலை மேய்தல்' வேறு புழக்கத்தில் இருக்கிறது.

ஆகவே 'உட்சீராக்கம்'. உட்சீராக்கு, உட்சீராக்கினேன், உட்சீராக்கக் கருவி என்று எப்படியும் வளைகிறது. வெளியைத் தொடவில்லை என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

ஒரே இடைஞ்சல், 'உட்... சீ' என்று நிறுத்தி வாசித்தால் யாரையோ வைவதுபோல இருக்கிறதாம், தம்பி சிரிக்கிறான். புணர்ச்சியை விட்டு 'உள்சீராக்கம்' என்று எழுதலாமா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சுருக்கத்தை அடுத்த வாரம் கொடுக்க வேண்டும்.